கோபுரத்துக்கும் பதுங்குகுழிக்கும் ஒரே சில்லு: காலியம் நைத்திரைட்டைச் சுற்றிய அரசியல்

சீன வர்த்தக அமைச்சு 2024 டிசெம்பர் 3ஆம் திகதி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. காலியம், ஜேர்மானியம், அந்திமனி ஆகியவற்றை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வது அன்றிலிருந்து தடை. 2025 நவம்பரில் இரு நாடுகளுக்கும் இடையிலான வர்த்தகப் போர் சற்றுத் தணிந்தபோது, அந்தத் தடையை 2026 நவம்பர் 27 வரை இடைநிறுத்துவதாக பெய்ஜிங் அறிவித்தது. தடை நீக்கப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னரே, 2023 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து, எந்த நாட்டுக்குக் காலியம் அனுப்புவதென்றாலும் சீன ஏற்றுமதியாளர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருந்தது.

இந்தச் செய்திகள் பல இடங்களில் ‘அரிய மண் உலோகங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வந்து போயின. காலியம் அரிய மண் உலோகம் அல்ல. அது அலுமினியத் தொழிலின் பக்கவிளைவு. பொக்சைற்றைச் சுத்திகரிக்கும் கரைசலில் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க மினக்கெட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். ஏறக்குறைய 30 பாகை செல்சியஸில் உருகிவிடும் உலோகம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் மேசைமேல் வைத்தால் குளமாகிவிடும். உலகில் முதன்முறை பிரித்தெடுக்கப்படும் காலியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் சீனாவிலிருந்து வருகிறது. அமெரிக்கா 1987க்குப் பின்னர் அதைத் தன் மண்ணில் பிரித்தெடுக்கவே இல்லை.

இதற்காக வல்லரசுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்று கேட்டால், ராடார், எல்.ஈ.டி. விளக்கு, சூரியக்கலம், கைத்தொலைபேசி என்று ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: வானொலி அலைகளுக்கான வலு விரியலாக்கி. போரைக் கண்ட சமூகம் என்ற வகையிலும், மின்வெட்டைக் கண்ட நாடு என்ற வகையிலும் அது எமக்கு நெருக்கமான விடயம்.

வெப்பமாகிப் போகும் வலு

விரியலாக்கி என்றால் அம்பிளிபயர்தான். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் பெட்டி செய்யும் அதே வேலையை, செக்கனுக்குப் பல கோடித் தடவை அதிரும் அலைகளில் செய்கிறது. தொலைபேசிக் கோபுரத்தில் அன்ரெனாவுக்குச் சற்று முன்னால் இருப்பது இதுதான். கோபுரத்துக்குள் உருவாகும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதைப் பல கிலோமீற்றர் தூரத்துக்குக் கேட்கச் செய்வது இந்தக் கடைசிப் பெட்டி.

அது சக்தியைப் படைப்பதில்லை. பற்றரியிலிருந்தோ மின்சார சபையின் கம்பியிலிருந்தோ எடுத்து, அலையின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டிக் கொடுக்கிறது. எடுத்ததில் அலையாக வெளியேறும் பங்கையே வினைத்திறன் என்கிறோம். மிச்சம் எல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தைத் தணிக்க விசிறியோ குளிரூட்டியோ வேண்டும், அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை வடக்கில் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகவோ தாங்கியிலோ நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை அது. சத்தத்தைக் கூட்டினால் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், குறைத்தால் கை இளகும். அதற்குக் காரணம் அந்த வானொலிப் பெட்டிக்குள் ஒலியைப் பெருக்கும் பகுதி ‘பி வகுப்பு’ என்ற முறையில் வேலை செய்வது. இரண்டு திரான்சிஸ்டர்கள், அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றதும் சுமக்கும். சத்தம் இல்லாதபோது இரண்டும் ஏறக்குறைய உறங்கிவிடும். இதற்கு முந்திய ‘ஏ வகுப்பு’ முறையில் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உச்ச வினைத்திறன் ஏட்டுக்கணக்கில்கூட 50 வீதம்தான். பி வகுப்புக்கு அது 78.5 வீதம்.

ஆனால் அந்த 78.5 முழுச் சத்தத்தில் மட்டும் கிடைப்பது. வெளியீட்டு வலுவை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் வினைத்திறன் பாதியாகிவிடும். இன்றைய 4ஜி, 5ஜி சமிக்ஞைகளின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நூற்றுக்கணக்கான சிற்றலைகளை ஒன்றாக அடுக்கி அனுப்புவதால், எப்போதாவது ஒரு கணம் எல்லாம் ஒன்றுசேர்ந்து பேரலை எழும். மற்ற நேரமெல்லாம் சராசரி அதன் பத்தில் ஒரு பங்கு அளவில் கிடக்கும். பேரலையையும் வெட்டாமல் அனுப்பக்கூடிய பெரிய விரியலாக்கியைப் போட்டு, பெரும்பாலான நேரம் அதைச் சிறு சுமையோடு ஓட்ட வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்கென்று வாங்கிய பெரிய பஸ்ஸை வருடம் முழுவதும் பத்துப் பேருக்காக ஓட்டுவது போல.

இதற்கான மருந்து புதியதல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லியம் டோஹெர்ட்டி 1936இல் வெளியிட்ட யோசனை அது. அன்றைய வானொலி நிலையங்களின் 50 கிலோவாட் ஒலிபரப்பிகள் தின்ற மின்சாரத்தைக் குறைப்பதே அவருடைய நோக்கம். ஒரு பெரிய பஸ்ஸுக்குப் பதில் இரண்டு சிறிய பஸ்: ஒன்று எப்போதும் ஓடும், மற்றது கூட்டம் சேரும்போது மட்டும் கிளம்பும். நான்கில் ஒரு பங்கு வலுவிலும் வினைத்திறன் உச்சத்திலேயே நிற்கும். வெற்றிடக் குழாய்க் காலத்து அந்தச் சுற்று இன்றும் உலகெங்கும் கோபுரங்களில் தொங்குகிறது. ஊடகக் கற்கையில் நாங்கள் செய்தியைப் பற்றிப் படித்தோம், பிரசாரத்தைப் பற்றிப் படித்தோம், உரிமையாளர்களைப் பற்றியும் படித்தோம். செய்தியைக் காற்றில் ஏற்றும் பெட்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, அதை யார் தாக்குப்பிடிக்க முடியும் என்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

சின்னப் போர்வை

டோஹெர்ட்டியின் சுற்றில் இரண்டு விரியலாக்கிகளையும் இணைப்பது, அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்கு நீளமுள்ள ஒரு கடத்திக் கோடு. அலைநீளம் மீடிறனோடு மாறும். ஆகவே அந்தக் கோடு ஒரே ஒரு மீடிறனுக்குத்தான் கச்சிதமாக இருக்கும். அதிலிருந்து விலக விலக, சேமித்த மின்சாரம் கையைவிட்டுப் போகும். ஒரு நிலையம் ஒரு அலைவரிசையில் பேசிய காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. இன்று ஒரு கோபுரம் 900, 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் என்று பல பட்டைகளில் பேச வேண்டியிருக்கிறது, 5ஜிக்கு 3500ஐ ஒட்டிய பட்டையும் சேர்கிறது. பட்டைக்கொரு பெட்டி என்று ஏற்றினால் கோபுரத்தின் பாரமும் கூடும், செலவும் கூடும்.

அகலமான பட்டையும் உயர்ந்த வினைத்திறனும் ஒன்றையொன்று இழுப்பதற்குப் பின்னால் ஓர் இயற்கை எல்லை இருக்கிறது. திரான்சிஸ்டரின் வெளியீட்டில் விரும்பியோ விரும்பாமலோ ஒரு கொள்ளளவம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி வலுவை அன்ரெனாவுக்குக் கொண்டுசேர்க்க ஒரு பொருத்தும் சுற்று தேவை. அந்தச் சுற்றை எவ்வளவு கெட்டித்தனமாக அமைத்தாலும், நல்ல பொருத்தத்தையும் பட்டையின் அகலத்தையும் சேர்த்து ஒரு மட்டத்துக்கு மேல் பெற முடியாது என்று 1940களில் ஹென்ட்ரிக் போடேயும் பின்னர் ரொபேர்ட் ஃபானோவும் நிறுவினார்கள். போர்வை சின்னது. தலையை மூடினால் கால் தெரியும். பெரிய போர்வை வேண்டுமென்றால் அந்தக் கொள்ளளவத்தைக் குறைக்க வேண்டும், அதாவது திரான்சிஸ்டரை மாற்ற வேண்டும்.

காலியம் நைத்திரைட்டு இங்கேதான் நுழைகிறது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளைச் சாத்தியமாக்கிய அதே பொருள். நீல ஒளிக்காக 2014இல் மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு பெற்றுக்கொடுத்ததும் அதுதான். சிலிக்கனைவிடப் பல மடங்கு மின்னழுத்தத்தைத் தாங்கும். அதனால் அதே வலுவை மிகச் சிறிய சில்லிலிருந்து எடுக்கலாம். சில்லு சிறிதானால் கொள்ளளவமும் சிறிது, போர்வை பெரிது. சிலிக்கன் காபைட்டுத் தட்டின்மேல் வளர்த்தால் வெப்பமும் இலகுவாக இறங்கிவிடும்.

பொருளை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. வினைத்திறனைக் கூட்டப் பொறியியலாளர்கள் பொதுவாக அலையின் இரட்டை மீடிறனில் எழும் எதிரொலியையும் அளந்து அடக்குவார்கள். அதைக் கச்சிதமாக அடக்குவது ஒரு மீடிறனில்தான் முடியும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் கிரிப்ஸும் சகாக்களும் 2009 அளவில் காட்டியது வேறு. ஒரே வினைத்திறனைத் தரும் தீர்வுகள் ஒரு புள்ளியாக அல்ல, ஒரு தொடராக இருக்கின்றன. மீடிறன் மாறும்போது அந்தத் தொடர்மீது நகர்ந்துகொண்டே போகலாம். ‘ஜே வகுப்பு’ என்று அவர்கள் அழைத்த இந்த முறையில், கடையில் வாங்கிய 10 வாட் காலியம் நைத்திரைட்டுத் திரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு 1.35 முதல் 2.25 கிகாஹேர்ட்ஸ் வரை 60 முதல் 70 வீத வினைத்திறனை அளந்து காட்டினார்கள். கைத்தொலைபேசிகள் பாவிக்கும் 1800, 2100 பட்டைகள் இரண்டும் அதற்குள் அடங்குகின்றன.

ஆனால் இந்த வித்தைக்கும் ஒரு சுவர் உண்டு. பட்டையின் மேல் எல்லை கீழ் எல்லையின் இரு மடங்கைத் தாண்டினால், கீழ் மீடிறனின் எதிரொலி பட்டைக்குள்ளேயே வந்து விழும். 400 முதல் 1000 மெகாஹேர்ட்ஸ் வரை ஒரே விரியலாக்கி வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 400இன் எதிரொலி 800இல் எழும். 800ஐ அடைக்கவும் முடியாது, ஏனெனில் அதையும் அனுப்ப வேண்டும். அந்தச் சுவரில்தான் இன்று உக்ரேன் போர்முனை முட்டிக்கொண்டு நிற்கிறது.

பதுங்குகுழியில் ஒரு பற்றரி

உக்ரேனில் வெடிகுண்டு சுமக்கும் சிறு ட்ரோன்கள் ஆரம்பத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸிலும் 900 மெகாஹேர்ட்ஸை அண்டிய பட்டையிலும் கட்டுப்படுத்தப்பட்டன. அவற்றைக் குழப்ப அந்த இரண்டு பட்டைகளிலும் இரைச்சல் எழுப்பினால் போதும். இரு தரப்பும் குழப்பிகளைக் குவித்தபோது ட்ரோன்காரர்கள் அலைவரிசையை மாற்றினார்கள். 700, 500 என்று கீழே இறங்கினார்கள், மாதத்துக்கு மாதம் இடம்பெயர்ந்தார்கள். குழப்புபவர் எல்லா இடத்திலும் இரைச்சல் எழுப்ப வேண்டும், ட்ரோன்காரருக்கு ஒரு சிறு இடைவெளி போதும். அகலப் பட்டை விரியலாக்கி ஆய்வுகூடத் தலைப்பாக இருந்த நிலை போய், ஒரு அகழிக்குள் இருப்பவர் உயிரோடு வீடு திரும்புவாரா என்ற கேள்வியாகிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பட்டைகளுக்கு நான்கு அலகுகள், ஒவ்வொன்றும் 50 வாட், மொத்தம் 200 வாட் இரைச்சல். வினைத்திறன் 50 வீதமென்றால் பற்றரியிலிருந்து 400 வாட் போகும். பட்டையை அகலமாக்கியதால் அது 30 வீதமாக விழுந்தால் 667 வாட். 24 வோல்ட், 20 அம்பியர் மணி பற்றரி ஒன்று முதலாவதுக்கு 72 நிமிடம் தாங்கும், இரண்டாவதுக்கு 43 நிமிடம். குறையும் அந்த 29 நிமிடத்தை நிரப்ப இன்னொரு பற்றரியை யாரோ முதுகில் சுமந்து, ட்ரோன்கள் சுற்றும் வெளியினூடாகக் கொண்டுவர வேண்டும். வீணாகும் வலு வெப்பமாக வெளிவருவதால், இரவில் வெப்பக் கமராவுக்கும் அந்தப் பெட்டி தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உரத்து ஒலிப்பவர் தான் இருக்கும் இடத்தையும் ஒலித்துக் காட்டுகிறார். கோபுரங்களும் ஒலிபரப்பிகளும் போர்களில் முதல் இலக்காவது இதனால் மட்டுமல்ல, அவற்றின் குரலை நிறுத்த வேண்டும் என்ற அரசியல் தேவையாலும்தான். 1999 ஏப்ரலில் பெல்கிரேட்டில் சேர்பியத் தொலைக்காட்சி நிலையத்தை நேட்டோ தாக்கியபோது 16 ஊழியர்கள் இறந்தார்கள். 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானப்படை குண்டு வீசியபோது கொல்லப்பட்டவர்களிலும் வானொலி ஊழியர்கள் இருந்தார்கள். அன்றைய யுனெஸ்கோ பணிப்பாளர் நாயகம் அதைக் கண்டித்து அறிக்கை விட்டார். அந்தக் கண்டனத்தோடு விடயம் முடிந்தது.

உக்ரேனில் இந்த ஓட்டப்போட்டி 2024இலிருந்து இன்னொரு திசையில் திரும்பியது. தலைமயிர் போன்ற கண்ணாடி இழையைப் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல் விரித்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு அலைவரிசையே இல்லை, குழப்பவும் வழியில்லை. வீதிகளுக்கு மேல் மீன்வலை கட்டுகிறார்கள். இருந்தாலும் இழை பாரமானது, அறுந்தும் போகும். ஆகவே அலைவழி ட்ரோன்களும் குழப்பிகளும் களத்தைவிட்டுப் போகவில்லை.

சட்டத்துக்குள் நுழைந்த மீடிறன்

இந்தச் சில்லுகளை யார் யாருக்கு விற்கலாம் என்பதைச் சீனா மட்டும் தீர்மானிக்கவில்லை. மேற்கு நாடுகள் அங்கம் வகிக்கும் வாசனார் உடன்படிக்கையின் பட்டியலும், அதை ஒட்டிய அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமும் வலு விரியலாக்கிகளை எண்ணால் அளக்கின்றன. 2.7 முதல் 2.9 கிகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் ஓர் ஒருங்கிணைந்த விரியலாக்கிச் சில்லு 75 வாட்டுக்கு மேல் தருவதும், அதன் பட்டை அகலம் மைய மீடிறனின் 15 வீதத்தைத் தாண்டுவதும் சேர்ந்தால் அது கட்டுப்பாட்டுப் பொருள். வலு மட்டும் அல்ல, அகலமும் அளவுகோல். ஒடுங்கிய பட்டையில் உரத்துப் பேசும் சில்லு தொலைபேசிக் கோபுரத்துக்கானது, அகன்ற பட்டையில் உரத்துப் பேசும் சில்லு ராடாருக்கோ குழப்பிக்கோ உரியது என்பது சட்டம் எழுதியவர்களின் கணிப்பு. ஜே வகுப்பும் பல பட்டைக் கோபுரங்களும் வந்தபின் அந்தக் கோடு மங்கிக்கொண்டு வருகிறது. இணையக் கடைகளில் 50 வாட், 100 வாட் காலியம் நைத்திரைட்டு அலகுகள் ட்ரோன் எதிர்ப்புக் கருவி என்ற பெயரில் வெளிப்படையாகவே விற்பனைக்கு இருக்கின்றன. சட்டம் பிடிப்பது உச்சத்தில் உள்ளவற்றை மட்டும்.

சீனத் தடையையும் அளவோடு பார்க்க வேண்டும். ஒரு விரியலாக்கிச் சில்லில் காலியம் நைத்திரைட்டுப் படலத்தின் தடிப்பு சில மைக்ரோமீற்றர்தான். ஒரு ராடாருக்குத் தேவையான காலியம் கிராம் கணக்கில் முடிந்துவிடும். ஆகவே தடையால் அமெரிக்கப் படைக்கு நாளையே சில்லு கிடைக்காமல் போகும் என்று எழுதுபவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். தடையின் உண்மையான வேலை விலையை ஏற்றுவதும், பயத்தை விதைப்பதும், பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பிடியைக் கையில் வைத்திருப்பதும். அந்தப் பயம் வேலை செய்திருக்கிறது. 2025 ஒக்டோபரில் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் கைச்சாத்திட்ட கனிம உடன்பாட்டில், மேற்கு அவுஸ்திரேலியாவின் அலுமினாத் தொழிற்சாலை ஒன்றில் வருடம் 100 தொன் காலியம் பிரித்தெடுக்கும் திட்டமும் அடங்கியது. அது உலக வழங்கலில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

அயலில் இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் திண்மநிலை இயற்பியல் ஆய்வுகூடம், நான்கு அங்குலச் சிலிக்கன் காபைட்டுத் தட்டுகளையும் 150 வாட் வரையான காலியம் நைத்திரைட்டுத் திரான்சிஸ்டர்களையும் சொந்தமாகத் தயாரிக்கும் முறையைக் கண்டுவிட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் செய்வதும் லட்சக்கணக்கில் செய்வதும் வேறு வேறு. என்றாலும், கேட்டுக் கிடைக்காத தொழில்நுட்பம் என்ற நிலையிலிருந்து அது ஒரு படி.

வன்னியில் ஒரு கோபுரம்

இலங்கை இவற்றில் எதையும் தயாரிப்பதில்லை, வாங்கிப் பொருத்துகிறது. ஆனால் எதை வாங்குகிறோம் என்பதன் விலையை 2022இல் கண்டோம். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது, மின்பிறப்பாக்கிக்கு டீசலும் இல்லை, சமிக்ஞை விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மின்சாரம் அறுந்த பகுதிகளில் மீண்டும் அதே கதை. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியும் வழி பற்றரியில் தொங்கியது.

பெரிய கோபுரம் ஒன்றில் வலு விரியலாக்கிகளே மொத்த மின்சாரத்தில் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்வது வழமை. சராசரியாக 100 வாட் அலையை வெளியிடும் கோபுரம் ஒன்றை எடுப்போம். பழைய விரியலாக்கியின் வினைத்திறன் 20 வீதமென்றால் அது 500 வாட் குடிக்கும், 40 வீதமென்றால் 250 வாட். 48 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றரித் தொகுதி முதலாவதை 9 மணித்தியாலம் 36 நிமிடமும், இரண்டாவதை 19 மணித்தியாலத்துக்கு மேலும் தாங்கும். மற்றக் கருவிகளையும் பற்றரியின் வயதையும் சேர்த்தால் இரண்டு எண்களுமே இறங்கும், இடைவெளி மிஞ்சும். 13 மணித்தியால மின்வெட்டு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழுகிறது.

கொழும்பில் ஒரு கோபுரம் அணைந்தால் அடுத்த தெருக் கோபுரம் ஓரளவுக்குப் பிடிக்கும். குடிசனம் ஐதான வன்னியிலோ படுவான்கரையிலோ ஒன்று அணைந்தால் அந்தப் பகுதியே அணைந்தமாதிரித்தான். 5ஜிக்காகக் கருவிகள் மாற்றப்படும் இந்தக் காலத்தில் வேகத்தைப் பற்றிய விளம்பரங்கள் நிறைய வரும். கழற்றப்படும் பழைய பெட்டிகள் எங்கே போகும், புதியவை முதலில் எந்த மாவட்டத்துக்கு ஏறும், மின்சாரம் நின்றபின் ஒவ்வொரு கோபுரமும் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பவற்றை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதிப்பத்திர நிபந்தனையாகவே கேட்கலாம். பிரதேச சபைகளும் கோபுரத்துக்கு அனுமதி கொடுக்கும்போது கேட்கலாம். கதிர்வீச்சு பற்றிய பயத்தில் கோபுரத்தை எதிர்த்து எங்கள் ஊர்களில் நடந்த கூட்டங்களில் நானும் செய்தி சேகரித்திருக்கிறேன். அங்கே பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று எவரும் கேட்டு நான் கேட்டதில்லை.